நசுங்கின தூக்குவாளி

எங்கள் நாய் மணிக்கு வலது காது பாதிதான். குட்டியாக இருந்தபோது காட்டுப்பன்றி கடித்துவிட்டது. எதிர் வீட்டு அக்கா வரைந்த படத்திலும் பாதிதான் இருக்கிறது. "முழுசாப் போட்டா கொறஞ்சா போயிருவீக?" என்று கேட்டேன். "மீதிக் காது எங்கன கெடக்குன்னு சொல்லு, பாத்துட்டு வந்து போடுறேன்" என்றாள்.

அப்படிப்பட்ட பிறவி.

பிரியத்தில் இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிரியம் இல்லாமல் இல்லை. ஆனால் அவளை நினைத்ததும் முதலில் எனக்கு வருவது கோபம். அதில் அவள் மேல் எவ்வளவு, என் மேல் எவ்வளவு, எங்கள் ஊர் மேல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஊரில் அவளைப் படக்காரி என்றுதான் சொல்வார்கள். சொந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு யோக்கியதை இல்லை. மேகமலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவள். வயசாகி வேலை முடிந்ததும் மலையை விட்டு இறங்கி, அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து, என் எதிர் வீட்டு ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். புருஷன் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை இல்லை. நானும் ஒண்டிக்கட்டை, ஒரே மகன் திருப்பூரில். என்னைவிட அவள் ஐந்தாறு வயசு மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன். அவள் என்னை "ஏ புள்ள" என்பாள். அறுபதைத் தாண்டிய என்னை அப்படிக் கூப்பிட வேறு யாரும் மிச்சமில்லை.

அவள் படங்கள் உள்ளங்கை அளவுக்கு மேல் போகாது. தாள் வாங்க மாட்டாள். கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து வைத்து, அச்சடிக்காத பக்கத்தில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற கலர் டப்பாவை வைத்து வரைவாள். அவள் வரைந்த கரடியைத் திருப்பினால் யாரோ ஒரு மாப்பிள்ளையின் படிப்பும் பாதிப் பெயரும் இருக்கும். பத்திரிகை வைக்க யார் வந்தாலும் முதலில் அட்டையைத்தான் தடவிப் பார்ப்பாள். "போன மாசம் ஒண்ணு வந்துச்சு, தொட்டாலே மடங்குது. கல்யாணம் எப்பிடி நின்னுச்சோ" என்பாள். வந்தவர்கள் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் நிற்பார்கள்.

வரைந்ததைக் காய வைக்க வாசலில் சணல் கயிறு கட்டியிருந்தாள். துணிக்கு மாட்டுகிற கிளிப்பில் படங்கள் வரிசையாகத் தொங்கும். குழாயடிக்குப் போகிறவர்கள் குடத்தோடு நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். மலையணில், வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நிற்கிற காட்டுமாடு, கோயில் விளக்கில் இருக்கிற எண்ணெயை நக்க வந்த கரடி, அவள் இருந்த எஸ்டேட் லயத்து வீடு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் காட்டுமாட்டின் வாயில் பிளாஸ்டிக் பை தொங்கும். லயத்து வீட்டுக் கூரைத் தகரத்தில் கல்லும் பழைய செருப்பும் கிடக்கும். சின்னமனூர்ப் பக்கம் லாட்ஜ் வைத்திருக்கிற ஒருவர் காரில் வந்து, அந்தப் பையை மட்டும் எடுத்துவிட்டு வரைந்து கொடுத்தால் இருபது படம் வாங்கிக்கொள்கிறேன் என்றார். "நீங்க மொதல்ல மாட்டு வாயில இருந்து எடுத்துட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மனிதர்களை மட்டும் அவள் வரைவதில்லை. ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "மிருகம்னா, ஏன் இப்பிடிப் போட்டேன்னு சண்டைக்கு வராதுல்ல" என்றாள்.

மிருகம் வராது. அதை வளர்க்கிறவன் வருவான். டீக்கடைக்காரர் ஒரு பச்சைக்கிளி வைத்திருந்தார். கடையில் மாட்டுவதற்கு அதைப் படமாக வரைந்து தரச் சொன்னார். ஒரு நாள் முழுக்கக் கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து வரைந்தாள். கிளி இருந்தது. கத்தரித்த இறக்கை இருந்தது. கூண்டுக்கு அடியில் வைத்திருந்த தகரத் தட்டும், அதில் இருந்ததும் இருந்தது. டீக்கடைக்காரர் படத்தோடு தெருவுக்கே வந்துவிட்டார்.

"ஏத்தா, கிளிய வரையச் சொன்னா கிளிப்பீய வரைஞ்சிருக்கியே! இத மாட்டுனா எவன் எங்கடையில வடை திம்பான்?"

"தட்டக் கழுவிட்டு மாட்டுங்கண்ணே."

"கழுவிட்டேன். இப்பப் புதுசா ஒண்ணு வரைஞ்சு குடு."

"ஒருக்கப் பாத்தத ஒருக்கதேன் வரைவேன். ரெண்டாவது போட்டா நான் கிளிய எங்கிட்டுப் பாக்கப்போறேன், எம்படத்தப் பாத்துல்ல போடுவேன். அது காப்பியடிக்கிறது."

தெருவே சிரித்தது. நானும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். நான் அப்படித்தான். சிரிப்பதும் அழுவதும் கதவுக்குப் பின்னால்தான். ஆம்பிளைகள் நாலு பேர் நின்றால் எனக்கு வாயில் எச்சில் வற்றிவிடும். ரேஷன் கடையில்கூட முன்னால் நிற்கிறவளிடம் கார்டைக் கொடுத்து வாங்கித் தரச் சொல்வேன். அதற்காக அவள் என்னை வையாத நாளில்லை. "ஏ புள்ள, வாய் என்ன நகையா? பொட்டியில பூட்டி வச்சிருக்க?"

அவள் மேல் எனக்கு முதல்முதலில் கோபம் வந்தது வருசநாட்டில். நான் பிறந்த ஊர் அங்கே. கல்யாணமாகி வந்த பிறகு அம்மா சாவுக்குப் போனதோடு சரி. ஊரெல்லாம் அவளிடம் படம் கேட்கிறதே என்று எனக்கும் ஆசை வந்தது. எங்க வீட்டை வரைந்து தாங்கக்கா, நான் அடையாளம் சொல்கிறேன் என்றேன். பார்க்காததை வரைய மாட்டேன் என்றாள். இரண்டு பஸ் மாறி, கடமலைக்குண்டில் இறங்கி டீ குடித்து, இன்னொரு பஸ் ஏறிப் போனோம். வழியெல்லாம் நான் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பேசியதில்லை.

போனால் வீடு இல்லை. யாரோ வாங்கி இடித்துவிட்டு இலவமரம் வைத்திருந்தார்கள். மரங்கள் இரண்டு ஆள் உயரம் வளர்ந்துவிட்டன. மண்ணில் பாதி புதைந்து எங்கள் ஆட்டுக்கல் மட்டும் கிடந்தது. குழியில் மழைத் தண்ணீர், அதில் தலைப்பிரட்டைகள். நான் உட்கார்ந்து அழுதேன். அவள் தலைப்பிரட்டைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான்கு நாள் கழித்துப் படம் கொடுத்தாள். இலவமரம், ஆட்டுக்கல், தலைப்பிரட்டை. வீடு இல்லை.

"வீட்டத்தான கேட்டேன்?"

"வீடு இல்லையே புள்ள."

"நாந்தேன் அம்புட்டும் சொன்னேன்ல! செவுரு, மாடக்குழி, கோழிக்கூடு..."

"நீ சொன்ன. நான் பாக்கலையே."

ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அந்தப் படம் எனக்கு வேண்டாம் என்று அவள் வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன். அவள் அதை எடுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டாள். ஒரு பொய்ச்சுவர் வரைந்திருந்தால் அவளுக்கு என்ன நஷ்டம்? இப்பவும்தான் கேட்கிறேன்.

இனி சொல்லப்போவது கொரோனா முடிந்த மறு வருஷம் நடந்தது.

திராட்சை வெட்டுக்கு எங்கள் தெருவிலிருந்து ஒன்பது பொம்பிளைகள் போவோம். அவளும் அதில் ஒருத்தி. பந்தலுக்கு அடியில் நாள் முழுக்கக் கையை மேலே தூக்கியே நிற்க வேண்டும். மலையை ஒட்டிய தோட்டம். முதலாளி ஊரில் பெரிய ஆள், கோயில் காரியமானாலும் சாவு வீடானாலும் அவர் இல்லாமல் நடக்காது. மூத்த மகளுக்கு முந்தின வருஷம்தான் கல்யாணம் முடிந்திருந்தது. ஊருக்கே பத்திரிகை வைத்தார். பலகை மாதிரி அட்டை. படக்காரி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நிக்கும்" என்றாள்.

பன்றி வருகிறது, மாடு வருகிறது என்று அவர் மோட்டார் ரூமிலிருந்து வயர் இழுத்து, காட்டுப் பக்கத்து வேலிக் கம்பியில் கரண்டு விட்டிருந்தார். பொழுது சாய்ந்ததும் போடுவார்கள், காலையில் நாங்கள் போவதற்கு முன் அணைத்துவிடுவார்கள். எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தோம். அவள் மட்டும் மேஸ்திரியிடம் கேட்டாள்: "இன்னைக்கு அணைக்க மறந்துட்டா யாரு பொறுப்பு? நாளைக்கு ஆளு விழுந்தா?" மேஸ்திரி, "ஒனக்கு கையி பந்தல்ல இருக்கணும், வாயி வீட்ல இருக்கணும்" என்றான்.

ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வேலியோரம் ஒரு மிளா விழுந்து கிடந்தது. மிளா என்றால் குதிரை உயரத்துக்கு நிற்கிற மான். முன்னங்காலில் கம்பி பட்ட இடம் கருகியிருந்தது. கண் திறந்தே இருந்தது. மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் அவசர அவசரமாக வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பந்தலோரம் வரிசையாக நின்றோம். அவள் மட்டும் கிட்டப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மேஸ்திரி அவளை எழுப்பித் தள்ளிவிட வேண்டியதாயிற்று.

கொஞ்ச நேரத்தில் முதலாளி வந்தார். எங்களைப் பார்த்து, "ஆத்தா, ஒண்ணும் பயப்பட வேணாம். நடந்தது நடந்துபோச்சு. வீட்டுக்குக் கொஞ்சம் கறி கொண்டுபோங்க" என்றார். மோட்டார் ரூமுக்குப் பின்னால் வைத்து வெட்டினார்கள். கஞ்சி கொண்டுவந்த தூக்குவாளிகளை எல்லாரும் கழுவி நீட்டினார்கள். நானும் நீட்டினேன். அவள் வாளியில் கஞ்சி இருந்தது. அதை வெயிலில் உட்கார்ந்து அவ்வளவும் குடித்துவிட்டு, வெறும் வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து மிளகு அரைத்துப் போட்டு ஆக்கினேன். நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். எலும்பை மணிக்குப் போட்டேன்.

எட்டாம் நாள் அவள் வாசல் கயிற்றில் புதுப் படம் தொங்கியது. குடத்தோடு போனவர்கள் எல்லாரும் நின்றார்கள். வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் நின்றார்கள். பிறகு என் வீட்டுப் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "ஏ மதினி, ஒன்னையப் படம் புடிச்சுப் போட்டிருக்கு, போயிப் பாரு" என்றாள்.

போய்ப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அவ்வளவும் இருந்தது. மலை, பந்தல், வேலி. மோட்டார் ரூம் ஜன்னலிலிருந்து வேலிக்கு வருகிற வயர், அது எந்தத் தூணில் சுற்றியிருந்தது என்பதுகூட. மிளா, கருகின கால். கம்பிக்குக் கீழே செத்துக் கிடந்த இரண்டு தவளைகள். அந்தத் தவளைகளை நாங்கள் எட்டுப் பேரும் பார்க்கவே இல்லை. பந்தலோரம் பொம்பிளைகள் வரிசையாக நின்றார்கள். மனிதர்களை வரையாதவள் வரைந்திருந்தாள். முகம் யாருக்கும் இல்லை, வெறும் புள்ளிதான். ஆனால் ஒருத்தி மஞ்சள் சேலை கட்டி, நசுங்கின தூக்குவாளியைக் கையில் வைத்திருந்தாள். வாளி வாய் திறந்திருந்தது. ஊரில் மஞ்சள் சேலை நூறு உண்டு. பஸ் டயரில் உருண்டு ஒரு பக்கம் நசுங்கின வாளி ஒன்றுதான் உண்டு.

என் வாழ்க்கையில் நான் தெருவில் நின்று கத்தியது அன்றைக்குத்தான். நீங்க என்று சொல்லிப் பழகின வாய், நீ என்று போனது.

"அழிச்சிரு."

"எத?"

"என்னைய! எட்டுப் பேரு வாங்குனாக. என் வாளி மட்டுந்தேன் ஒன் கண்ணுல பட்டுச்சா?"

"ஒன் வாளிதேன் எனக்கு நல்லாத் தெரியும். தெனமும் பாக்குறேன்ல."

"நான் ஒனக்கு என்னடி துரோகம் பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. அங்கன நின்ன. நின்னியா இல்லையா?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

விஷயம் முதலாளி காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? மத்தியானமே பைக்கில் வந்து இறங்கினார். பின்னால் மேஸ்திரி. நான் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கிளிப்பிலிருந்து படத்தைப் பிடுங்கினார். பார்த்தார். முகம் சிவந்துபோயிற்று. கிழிக்க இரண்டு கையிலும் பிடித்தார். அப்போதுதான் பின்பக்கம் கண்ணில் பட்டது. மூலையில் மஞ்சள் தடவியிருந்தது. மேலே பிள்ளையார். கீழே அவர் மகள் பெயர், மாப்பிள்ளை பெயர். அந்தப் பெண் தலைப்பிரசவத்துக்கு அந்த வாரம்தான் வீட்டுக்கு வந்திருந்தாள்.

கை அப்படியே நின்றுவிட்டது.

"எம் மக பத்திரிகையிலயா வரைஞ்ச? செத்ததக் கொண்டாந்து எம் மக பேருக்குப் பின்னாடியா வரைஞ்ச? திட்டம் போட்டுச் செஞ்சியா நீயி?"

"உள்ளதுலயே கெட்டி அட்டை ஒங்கள்துதேன்யா. சின்னச் சின்னதா நெறையப் போட வேண்டியிருந்துச்சு, மத்ததுல ஊறிரும்."

"வயித்துப்பிள்ளைக்காரிடி அவ!"

"அப்ப கிழிக்காதீக" என்றாள்.

கிழிக்கவில்லை. எந்தத் தகப்பன் கிழிப்பான்? அதை வைத்துக்கொள்ளவும் அவருக்கு மனசில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகவும் பயம். செத்த மிருகத்தோடு மகள் பெயரை எந்த அலமாரியில் வைப்பது? திரும்பக் கிளிப்பிலேயே மாட்டிவிட்டு, "பொழுது விடியுறதுக்குள்ள இது இங்கன இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டம் போட்டுத்தான் அந்த அட்டையை எடுத்தாளா என்று எனக்கும் இன்றுவரை தெரியாது. அவள் கெட்டி அட்டை என்றால் கெட்டி அட்டைதான் என்று பாதி மனசு சொல்கிறது.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரம் அவள் குழாயடிக்குப் போனாள். நான் தெருவைக் கடந்து போய், கிளிப்பிலிருந்து படத்தை எடுத்து, மடியில் சொருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆமாம். நான்தான்.

அடுப்பில் போடத்தான் எடுத்தேன். நெருப்பு வரைக்கும் கொண்டுபோனேன். அந்தப் பெண் பெயர் தெரிந்தது. சின்னப் பிள்ளையில் எங்கள் தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போவாள். அவள் அப்பன் கை நின்ற இடத்தில் என் கையும் நின்றது. அரிசி டிரம்மில், அரிசிக்கு அடியில் வைத்து மூடினேன்.

மறுநாள் காலையிலேயே வனத்துறைக்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். யார் சொல்லி வந்தார்களோ தெரியாது. நேராகத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கே வயரும் இல்லை, தோலும் இல்லை, கழுவிவிட்டுச் சாணி தெளித்திருந்தது. அப்புறம் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். அவள் வாசலில் நின்று, "நான் பாத்தேன்" என்று எல்லாவற்றையும் சொன்னாள். எந்த ஜன்னல், எந்தத் தூண், எத்தனை சுற்று. "படமாவே வரைஞ்சு வச்சிருக்கேன், பாருங்க" என்று கயிற்றைக் காட்டினாள்.

கிளிப் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.

அவள் கிளிப்பைப் பார்த்தாள். பிறகு என் வீட்டுக் கதவைப் பார்த்தாள். நான் கதவிடுக்கில் இருந்தேன். கண்ணும் கண்ணும் பார்த்துக்கொண்டது.

"ஒங்க ஒருத்தர் வாக்க மட்டும் வச்சு ஒண்ணும் பண்ண முடியாதும்மா. கூட நின்ன வேற யாராச்சும் சொன்னா எழுதிக்குவோம். யாரு யாரு நின்னாக?" என்று அதில் மூத்தவர் கேட்டார்.

என் பெயர் அவள் நாக்கு நுனியில் இருந்திருக்கும். தவளையைக்கூட விட்டுவிடாதவள்.

"நின்னவுக தெருவுலதேன் இருக்காக. அவுகளே சொல்லட்டும்" என்றாள்.

வீடு வீடாகக் கேட்டார்கள். எட்டுப் பேரும் பார்க்கவில்லை என்றோம். என்னிடம் கேட்டபோது நான் வாயைக்கூடத் திறக்கவில்லை, தலையைத்தான் ஆட்டினேன். ஜீப் போய்விட்டது.

சொல்லித் தொலைத்திருக்கலாம். "இந்தா, இந்த வீட்டுக்காரி நின்னா, கறி வாங்குனா, படத்தத் திருடுனா" என்று என் முடியைப் பிடித்து வெளியே இழுத்துவந்து நிறுத்தியிருக்கலாம். நான் அழுது, வைது, உண்மையைக் கக்கியிருப்பேன். அதோடு தீர்ந்திருக்கும். படத்தில் ஒன்றையும் விடாதவள், வாயால் சொல்லும்போது மட்டும் என்னை விட்டுவிட்டாள். அந்தக் கோபம்தான் எனக்கு ஆறவில்லை.

அப்புறம் நடந்தது ஊர் நடத்தியது. யார் மேலும் கை வைக்கவில்லை, யாரும் சத்தம் போடவில்லை. மேஸ்திரி அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. மற்ற தோட்டங்களிலும் ஆள் போதும் என்றார்கள். டீக்கடையில் அவளுக்குப் பால் தீர்ந்துபோயிருக்கும். பத்திரிகை வைக்க வருகிறவர்கள் அவள் வீட்டைத் தாண்டிப் போனார்கள். கடைசியில் வீட்டுக்காரர் வந்து, மகனுக்கு அறை வேண்டியிருக்கிறது என்றார். அவர் மகன் சென்னையில் இருக்கிறான்.

அந்தப் படத்தை ஏன் திரும்ப வரைந்து வனத்துறைக்குக் கொடுக்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி அவளிடம் கேட்டிருக்கிறாள். "ஒருக்கப் பாத்தத ஒருக்கதேன்" என்றாளாம். இந்தப் பிடிவாதத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது! ஊரே ஒருத்தியை மிதிக்கிறபோது என்ன விரதம் வேண்டிக் கிடக்கிறது?

அவள் போன அன்று ஷேர் ஆட்டோ வந்து தெருமுனையில் நின்றது. இரண்டு சாக்கு, ஒரு டிரங்குப் பெட்டி, சுருட்டின சணல் கயிறு. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் வந்து நின்றது. மணி வாலை ஆட்டிக்கொண்டு கதவைப் பிராண்டியது.

"ஏ புள்ள."

நான் கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"வாளி நசுங்கல் சரியா விழுந்திருக்கான்னு எடுத்துப் பாத்துக்க. எடது பக்கம் போட்டேன். இல்ல வலதான்னு எனக்கே ஒரு சந்தேகம்."

செருப்புச் சத்தம் போய்விட்டது. ஆட்டோவும் போய்விட்டது. வெகுநேரம் கழித்து டிரம்மைத் திறந்து எடுத்துப் பார்த்தேன். இடது பக்கம்தான். சரியாகத்தான் போட்டிருந்தாள். வாளியைச் சுவரில் அடித்தேன். இன்னொரு பக்கமும் நசுங்கியது.

எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது. மலைக்கே திரும்பிப் போய்விட்டாள் என்பார்கள், போடியில் ஏலக்காய் பொறுக்குகிறாள் என்பார்கள். போடிக்கு ஒரு தடவை போனேன். ஏலக்காய்க் கடைகளின் வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

இந்த வருஷம் மாசியில் இரண்டு நாளாக மணியைக் காணோம். தேடிக்கொண்டு போனேன். தோட்டத்துக்குப் பின்னால் ஓடையில் தூக்கிப் போட்டிருந்தார்கள். முகம் வீங்கியிருந்தது. பாதிக் காதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். மூக்கில் கருகின கோடு. நிமிர்ந்து பார்த்தேன். வேலியில் அதே கம்பி, அதே ஜன்னல். வயர் மட்டும் புதுசு.

மேஸ்திரி அங்கே நின்றிருந்தான். "நாய்தான ஆத்தா? எங்க வீட்ல குட்டி போட்டுருக்கு, ஒண்ணு எடுத்துக்க" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த ஊரில் எல்லாருக்கும் நல்ல மனசு. கறி கொடுக்கிறார்கள், குட்டி கொடுக்கிறார்கள். எனக்கும் அதே நல்ல மனசுதானே? மிளா விழுந்தபோது நான் சொல்லியிருந்தால் அந்தக் கம்பி அப்போதே போயிருக்கும். மணி இருந்திருக்கும். அவளும் எதிர் வீட்டில் இருந்து என்னை வைதுகொண்டிருப்பாள்.

மறுநாள் டிரம்மிலிருந்து படத்தை எடுத்தேன். துணிப்பையில் அதையும் தூக்குவாளியையும் போட்டுக்கொண்டு கம்பம் பஸ் ஏறினேன். வனத்துறை ஆபீஸ் வாசலில் முக்கால் மணி நேரம் நின்றேன். உள்ளே போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் ஆம்பிளைகள். வாயில் எச்சில் வற்றிவிட்டது. திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தேன். அப்புறம் காக்கி உடுப்பு போட்ட ஒரு பெண் வந்து, "என்ன பாட்டி, யாரப் பாக்கணும்?" என்று உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தது.

படத்தை மேஜையில் வைத்தேன். அந்தப் பெண் கையில் எடுத்துக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தது. வயரைப் பார்த்தது. தவளையைப் பார்த்தது. திருப்பி, மஞ்சள் தடவின மூலையையும் பெயர்களையும் படித்தது.

"இத யாரு வரைஞ்சது?"

பெயரைச் சொன்னேன்.

"அவுக எங்கன இருக்காக இப்ப?"

"தெரியாதும்மா. நாங்க வெரட்டிட்டோம்."

அந்தப் பெண் படத்தை மறுபடியும் முன்பக்கம் திருப்பியது. பிறகு பந்தலோரம் நிற்கிற மஞ்சள் சேலை மேல் விரலை வைத்தது. "இது யாரு பாட்டி?"

துணிப்பையிலிருந்து தூக்குவாளியை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். இடது பக்கத்து நசுங்கலை அந்தப் பெண் பக்கம் திருப்பி வைத்தேன்.

"நாந்தேன்" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடத்தான் வந்துவிட்டது. அடுத்த மேஜையில் இருந்த ஆம்பிளைகள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "அங்கன நின்னேன். கறி வாங்குனேன். தின்னேன். கேக்க வந்தப்போ தலைய ஆட்டுனேன். கம்பி இப்பவும் அங்கனதேன் இருக்கு. ஒண்ணு விடாம எழுதிக்கம்மா."